ஓ.டி.யும் ஓட்டமும்: வாசகர் கேள்வி – பதில்

வங்கிப் படிவத்தில் 'மேலதிகப் பற்று' என்று அச்சடித்திருந்தாலும், கவுண்டருக்கு உள்ளே இருப்பவரும் வெளியே நிற்பவரும் சொல்வது ஓ.டி. என்றுதான். கணக்கில் இருப்பதைவிடக் கூடுதலாக, வங்கி அனுமதித்த எல்லை வரை எடுக்கும் கடன் அது. அந்த ஓ.டி.யையும் உடற்பயிற்சியையும் சேர்த்துக் கேட்ட கடிதங்களை இம்முறை எடுத்திருக்கிறோம். காசுக் கணக்கைக் கணக்காளரும் உடம்புக் கணக்கை உடற்கல்வி ஆசிரியரும் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: திருகோணமலை நகரில் சிறிய புடவைக்கடை வைத்திருக்கிறேன். 2 இலட்சம் ரூபா ஓ.டி. இரண்டு வருடமாக நிரம்பியபடியே நிற்கிறது. வட்டி 18 வீதம். மாதம் 10,000 ரூபா குறைக்கப் பார்க்கிறேன், அடுத்த கொள்முதலோடு அது திரும்ப ஏறிவிடுகிறது. இதற்குள் டொக்டர், சீனி எல்லையில் நிற்கிறது, உடம்பை அசையுங்கள் என்றார். மாதம் 5,000 ரூபாவுக்கு ஜிம்மில் சேர்ந்தேன். ஆறு நாள் போனால் பெரிய காரியம். வருடக் கட்டணத்தை ஒன்றாகக் கட்டினால் கழிவு தருகிறார்களாம். கட்டலாமா?
— வாசகர், உவர்மலை

பதில்: கட்டாதீர்கள். மாதம் ஆறு நாள் என்றால் ஒரு நாளுக்கு 833 ரூபா. போகாத நாளுக்கும் சேர்த்து முற்பணம் கொடுப்பதற்கு எவ்வளவு கழிவு தந்தாலும் நட்டம்தான்.

ஓ.டி.க்கு வட்டி நாள் நிலுவையில் ஓடும், மாத முடிவில் கணக்கில் கழிபடும். 2 இலட்சத்துக்கு 18 வீதம் என்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 99 ரூபா, மாதத்துக்கு 3,000. கடை பூட்டியிருக்கும் போயா தினத்திலும் அது ஓடும். நீங்கள் கட்டும் 10,000-இல் முதல் மாதம் 3,000 வட்டிக்குப் போய், கடன் தொகையில் குறைவது 7,000 மட்டுமே. ஜிம் காசையும் சேர்த்து 15,000 ஆக்கினால் கடன் தொகையில் குறைவது 12,000. ஒழுங்காகக் கட்டினால் 10,000-க்கு 24 மாதம் எடுக்கும், வட்டி மட்டும் 40,000 அளவில் வரும். 15,000-க்கு 15 மாதம், வட்டி 25,000-க்குச் சற்றுக் குறைவு. ஒன்பது மாதமும் பதினைந்தாயிரம் ரூபாவும் அந்த ஜிம் ரசீதுக்குள்தான் கிடக்கின்றன.

ஆனால் உங்கள் உண்மையான சிக்கல் கட்டுவதில் இல்லை, கட்டியது திரும்ப வெளியே வருவதில். நிலுவை குறைந்தாலும் எல்லை 2 இலட்சத்திலேயே நிற்பதால் மொத்த வியாபாரிக்கு எழுதும் அடுத்த காசோலை அந்த இடைவெளியை விழுங்கிவிடுகிறது. எனவே எல்லையைக் குறைக்கச் சொல்லி வங்கிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். கிளை முகாமையாளருக்கு ஒரு பக்கக் கடிதம் போதும். கணக்கு இலக்கம், இப்போதைய எல்லை, புதிய எல்லை, எந்தத் திகதியிலிருந்து என்பதை எழுதி, பிரதியில் வங்கி முத்திரையும் ஒப்பமும் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொல்லிவிட்டு வந்தால் மாறாது.

இங்கே பலர் ஒரு பிழை விடுவார்கள். நிலுவை எங்கே நிற்கிறதோ அதே இடத்துக்கு எல்லையை இறக்கிவிடுவார்கள். மாத முடிவில் வட்டி கழிந்ததும் கணக்கு எல்லையைத் தாண்டும். தாண்டிய தொகைக்குப் பல வங்கிகள் கூடுதல் வட்டி போடும், அந்த நேரம் பார்த்து வரும் காசோலையும் திரும்பும். மாதம் 15,000 படி மூன்று மாதம் கட்டினால் நிலுவை 163,500 அளவுக்கு வரும். அப்போது எல்லையை 170,000 ஆக்குங்கள். அந்த 6,500 ரூபா இடைவெளி வட்டிக்கும் வங்கிக் கட்டணங்களுக்கும். இப்படி மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம். தீபாவளிக்கும் சித்திரை வருடப் பிறப்புக்கும் சரக்கு இறக்கும் மாதங்களில் எல்லையில் கை வைக்க வேண்டாம், அந்தக் கடிதத்தைப் பண்டிகை முடிந்த பிறகு கொடுங்கள்.

கடந்த 12 மாதக் கணக்குக் கூற்றுகளையும் எடுத்து, ஒவ்வொரு மாதமும் நிலுவை ஆகக் குறைந்து நின்ற தொகையை ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு மாதத்தில்கூட 150,000-க்குக் கீழே இறங்கவில்லை என்றால், அந்த 150,000 உண்மையில் ஓ.டி.யே அல்ல. வங்கிக்காரர் அதை 'ஹார்ட்கோர்' என்பார்கள், உறைந்து போன கடன். அதைக் குறைந்த வட்டியில் தவணைக் கடனாக மாற்ற முடியுமா என்று கேளுங்கள். மாற்றினால் அதே நாளில் ஓ.டி. எல்லை 50,000 ஆக வேண்டும். அதைச் செய்யாமல் தவணைக் கடனை மட்டும் எடுத்தவர்கள் ஆறு மாதத்தில் இரண்டு கடனோடு நிற்பார்கள்.

இன்னொன்று, மேசை லாச்சிக்குள் தூங்கும் காசு. நாளுக்கு 12,000 ரூபா விற்பனை என்று வைப்போம். திங்கள் முதல் வெள்ளி வரை சேர்த்துச் சனிக்கிழமை வைப்புச் செய்தால், அந்தத் தாமதத்துக்கு மட்டும் கிழமைக்கு 89 ரூபா வட்டி கொடுக்கிறீர்கள். வருடத்துக்கு 4,600 ரூபா. அன்றன்று போடுங்கள். வைப்பு இயந்திரம் இருந்தால் வரிசையும் இல்லை. ஆனால் வாடிக்கையாளர் தந்த காசோலையைப் போட்டுவிட்டு அன்றே அதை நம்பி இன்னொரு காசோலை எழுதாதீர்கள். அந்தக் காசோலை மாறிக் காசு சேர அடுத்த வேலைநாள் ஆகும்.

இனி உடம்பு. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டல்படி வளர்ந்தவருக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான அசைவு வேண்டும், அதோடு இரண்டு நாளாவது தசைக்கு வேலை. மிதமானது என்றால் நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. முதல் கிழமை 15 நிமிடப்படி ஐந்து நாள். அடுத்தடுத்த கிழமைகளில் 20, 25, 30. நாலாம் கிழமை 150 நிமிடம் வந்துவிடும். ஒரேயடியாக ஒரு மணித்தியாலம் நடந்து மூன்றாம் நாள் கெண்டைக்கால் இறுகிப் படுப்பவர்தான் அதிகம்.

உவர்மலையில் இருப்பவருக்கு ஒரு பொறி உண்டு. போகும்போது இறக்கம், களைத்துத் திரும்பும்போது ஏற்றம். முதல் இரண்டு கிழமை ஏற்றத்தைத் தொடாமல் மேலேயே சமதரையில் சுற்றுங்கள். பிறகு கீழே இறங்கி டச்பே கடற்கரை. அங்கே உலர்ந்த மணலில் கால் புதையும். அதில் நடக்க நல்ல பலம் வேண்டும், புதியவருக்குக் குதிகாலின் பின்பக்கம் நோகும். அலை வந்து இறுகிய ஈரமணலில் நடங்கள். கரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் இருக்கும். போன வழியே திரும்பினால் மற்றக் காலுக்கும் அதே பங்கு கிடைக்கும். சீனி எல்லையில் நிற்பவர் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் சிப்பி கீறியதுகூடத் தெரியாது. ஐந்தாம் கிழமைக்குப் பிறகு பிரெட்ரிக் கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயில் வரை ஏறிப் பாருங்கள், நெஞ்சுக்கு நல்ல வேலை. (கையில் ஷொப்பிங் பேக் இருந்தால் கோட்டை மான்கள் பின்னாலேயே வரும். அவை பொலித்தீனையும் தின்றுவிடும். வெறுங்கையோடு போங்கள்.)

நடை தவிர, சாப்பாட்டுக்குப் பிறகு 10 நிமிடம் மெதுவாக நடப்பது சாப்பாட்டால் ஏறும் சீனியைக் குறைக்கும். கடைக்குள்ளேயே நடக்கலாம். தசைக்கு, கைப்பிடி இல்லாத கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழுந்து அமர்வது 10 தடவை, சுவரில் கை வைத்துத் தள்ளுவது 10 தடவை. இரண்டையும் மூன்று சுற்று, கிழமைக்கு இரண்டு நாள். சீனிக்கு மாத்திரையோ இன்சுலினோ தொடங்கினால், நடக்கும்போது சட்டைப்பைக்குள் இரண்டு மூன்று டொபி இருக்கட்டும். கை நடுங்கி வியர்த்தால் உடனே நின்று சாப்பிடுங்கள். நெஞ்சில் இறுக்கம் வந்தால் அன்றைய நடையை விட்டுவிட்டு நேரே வைத்தியரிடம் போங்கள்.

கேள்வி: ஹோட்டலில் ரூம் போய். மே முதல் செப்டெம்பர் வரை சேவிஸ் சார்ஜோடு நல்ல காசு, பிறகு அடிப்படைச் சம்பளம்தான். சம்பளக் கணக்கில் 1 இலட்சம் ஓ.டி. உண்டு, வட்டி 20 வீதம். சீசன் காசை ஓ.டி.யில் போடவா, மாதம் 10,000 படி பத்துப்பேர் சீட்டில் சேரவா? உடற்பயிற்சிக்கும் ஏதாவது சொல்லுங்கள்.
— வாசகர், நிலாவெளி

பதில்: சீட்டு எத்தனையாம் முறை உங்களுக்கு விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் முறையே கிடைத்து 1 இலட்சத்தையும் ஓ.டி.யில் போட்டால், அது வட்டியில்லாக் கடன் எடுத்த மாதிரி. மாதம் 10,000 படி நேரடியாக ஓ.டி.க்குக் கட்டுவதைவிட 7,500 ரூபா மிச்சம். கடைசி முறை என்றால் மற்ற ஒன்பது பேருக்கும் சும்மா கடன் கொடுத்துவிட்டு வங்கிக்கு 20 வீதம் கட்டுகிறீர்கள், 7,500 ரூபா நட்டம். ஐந்தாம் முறைக்குப் பிறகு என்றால் சேராதீர்கள். முன்னுக்கு எடுத்தாலும் சீட்டு முடியும் வரை மாதம் 10,000 கட்ட வேண்டும். உங்களுக்கு ஒக்டோபருக்குப் பிறகு அது முடியுமா என்று பார்த்துக்கொண்டு கைநீட்டுங்கள்.

சீசன் காசு முழுவதையும் ஓ.டி.க்குள் தள்ளவும் வேண்டாம். ஓ.டி. வங்கி கேட்டவுடன் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன், எல்லையை எப்போதும் குறைக்கலாம். போட்ட காசைத் தேவைக்கு எடுக்கலாம் என்று நினைத்திருக்கும்போது எல்லை சுருங்கினால் டிசெம்பரில் அரிசிக்கும் காசு இராது. இரண்டு மாத வீட்டுச் செலவை வேறொரு சேமிப்புக் கணக்கில் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் போடுங்கள்.

நாள் முழுதும் படி ஏறி இறங்குபவருக்கு நடை தேவையில்லை. உங்கள் ஆபத்து முதுகு. மெத்தையைத் தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள். இரவில், முழங்கையும் கால்விரலும் நிலத்தில், உடம்பு பலகை மாதிரி நேராக, 20 விநாடிப்படி மூன்று தடவை. கடல் அமைதியாக இருக்கும் சீசன் மாதங்களில் நீந்தலாம், செலவில்லை. வாடை தொடங்கியபின் இறங்க வேண்டாம்.

கேள்வி: கணவரும் நானும் சேர்ந்த கணக்கில் ஓ.டி. இருக்கிறது. எனக்கு எடை கூடிவிட்டது. வீதியில் நடக்க வசதியில்லை. தவணைக்கு ட்ரெட்மில் எடுக்கலாமா? நோன்பு காலத்தில் என்ன செய்வது?
— வாசகி, கிண்ணியா

பதில்: வேண்டாம் சகோதரி. தவணைக் கட்டணம் ஒருபுறம் இருக்க, அந்த இயந்திரத்தின் பட்டிக்கு அடியில் சிலிக்கன் எண்ணெய் அவ்வப்போது போட வேண்டும், போடாவிட்டால் மோட்டர் சூடேறி எரியும். கடற்காற்று பட்ட இரும்பு எப்படி ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சேர்ந்த கணக்கின் கடன் முழுவதையும் இருவரில் யாரிடமிருந்தும் வங்கி கேட்கலாம். அதனால் மாதக் கூற்றை நீங்களும் பாருங்கள்.

வீட்டு வாசற்படி போதும். 6 அங்குல உயரம், ஒரு கை சுவரில். வலக்கால் மேலே, இடக்கால் மேலே, வலக்கால் கீழே, இடக்கால் கீழே. நிமிடத்துக்கு 20 தடவை, ஐந்து நிமிடம், ஒரு நிமிட ஓய்வு, இப்படி மூன்று சுற்று. ஒவ்வொரு நிமிடமும் முதலில் ஏறும் காலை மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஒரே முழங்கால்தான் நோகும். பாதம் முழுவதும் படியில் பட வேண்டும், விளிம்பில் விரலால் நின்றால் கெண்டைக்கால் பிடிக்கும். தனிச் சீமெந்துக் கல்லை வைத்து ஏறாதீர்கள், புரண்டுவிடும்.

முழங்கால் நோகாதவர் கயிறு பாயலாம். வலைக்கடையில் 8 மில்லிமீற்றர் நைலோன் கயிறு இரண்டரை மீற்றர் வாங்கி, நடுவை மிதித்து நின்றால் இரு நுனியும் அக்குள் வரை வர வேண்டும். கூடுதல் என்றால் முடிச்சுப் போட்டுக் குறைக்கலாம். வெறும் சீமெந்துத் தரையில் பாய்ந்தால் முன்கால் எலும்பு நோகும். பன்பாய் விரித்தால் வழுக்கும், ரப்பர் பாய் நல்லது. அரை நிமிடம் பாய்ந்து அரை நிமிடம் நில்லுங்கள்.

நோன்பு காலத்தில் இப்தாருக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் கழித்துச் செய்யலாம், பாதி அளவு போதும். பகலில் வியர்க்கும் வேலை வேண்டாம்.

கேள்வி: நகையை அடகு வைத்து ஓ.டி.யை அடைக்கலாமா?
— வாசகர், தம்பலகாமம்

பதில்: அடகு வட்டி குறைவாகவும், ஓ.டி. எல்லை அதே நாளில் இரத்தாகவும், அறுவடைக் காசு அடகுத் தவணைக்குள் வருவதாகவும் இருந்தால் மட்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் நகை ஏலத்துக்குப் போகும், ஓ.டி. திரும்ப நிரம்பும்.

கேள்வி: கணக்கில் விளங்காத கட்டணம் ஒன்று கழிந்திருக்கிறது. கிளையில் சரியான பதில் இல்லை.
— வாசகி, அனுராதபுரச் சந்தி

பதில்: முதலில் கிளைக்கு எழுத்தில் கொடுத்துப் பிரதியில் முத்திரை வாங்குங்கள். தீராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கு 1935-இல் அழைக்கலாம். அழைக்கும்போது கூற்றும் அந்தப் பிரதியும் கையில் இருக்கட்டும்.

கேள்வி: பாட்டாவோடு நடந்தால் போதாதா? சப்பாத்துக்கு இப்போது காசில்லை.
— வாசகர், உப்புவெளி

பதில்: 15 நிமிடத்துக்குப் போதும். அதற்கு மேல் போனால், பாட்டா கழன்றுவிடாமல் விரல்கள் இறுக்கிப் பிடித்தபடி இருப்பதால் முன்கால் நோகத் தொடங்கும். குதியில் பட்டி உள்ள செருப்பு அதைவிட நல்லது. சப்பாத்து வாங்கும்போது மாலையில் போங்கள், பாதம் அப்போதுதான் சற்று வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் வேண்டும். பழையது கிடைத்தாலும் வாங்கலாம், ஆனால் மேசையில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். குதி ஒரு பக்கமாகத் தேய்ந்து சாய்ந்திருந்தால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள்.