சிலுவையே இல்லாத சிலுவைக் காட்சி

கேள்வி: தவக்காலத்துக்காக இத்தாலிய ஓவியர் பொன்டோர்மோவின் ‘சிலுவையிலிருந்து இறக்குதல்’ ஓவியத்தை ஏ1 தாளில் அச்சிட்டோம். நிறம் வெளிறியிருக்கிறது, சிலுவையும் காணோம். அச்சுப் பிழையா?
– வாசகி, ஜார்ஜ்டவுன், பினாங்கு

பதில்: இல்லை அம்மா, அசலே அப்படித்தான். 1525–28இல் ஃபுளோரன்ஸின் சாந்தா ஃபெலிசிதா ஆலயத்துக்காகப் பலகையில் தீட்டியது. சிலுவை, ஏணி, மலை எதுவும் கிடையாது. மேலே ஒரே ஒரு மேகம். வெளிர் ரோஜா, நீலம், இளம்பச்சைதான் முக்கிய நிறங்கள். ஆலயத்துக்குள்ளேயே சன்னல் வெளிச்சம் குறைவான சிறிய பக்கக் கோயிலில் இந்த நிறங்கள்தாம் எடுத்துக் காட்டும்.

கீழே குந்தியிருக்கும் இளைஞனைக் கூர்ந்து பாருங்கள். இயேசுவின் கால்கள் அவன் தோளில்; மேலுடலை இன்னோர் இளைஞன் தாங்குகிறான். குந்தியிருப்பவனோ கால்விரல் நுனியில் நிற்கிறான். அந்தப் பாரம் தரையில் இறங்கவே இல்லை. அழகே அங்கேதான்! பொன்டோர்மோ போன்ற, மறுமலர்ச்சியை அடுத்து வந்த மேனரிசப் பாணி ஓவியர்கள் மறுமலர்ச்சிக் காலத்தின் நிதானமான சமநிலையை வேண்டுமென்றே குலைத்தார்கள்.

அச்சில் கவனிக்க வேண்டியது வேறு. அசல் 313 × 192 செ.மீ.; உயர-அகல விகிதத்தில் ஏ1 தாளைவிட (84.1 × 59.4 செ.மீ.) ஒடுக்கமானது. அகலம் முழுவதும் நிரப்பினால் உயரத்தில் சுமார் 13 செ.மீ. வெட்டுப்பட்டு, அந்தக் கால்விரல்களே போய்விடலாம். 84 செ.மீ. உயரம், 51.5 செ.மீ. அகலம் என்று கடையில் சொல்லுங்கள். இருபுறமும் 4 செ.மீ. வெள்ளை விளிம்பு இருக்கட்டும். தானியங்கி நிறத்திருத்தத்தை நிறுத்தச் சொல்லுங்கள், இல்லையென்றால் ரோஜா சிவப்பாகிவிடும். பளபளப்புத் தாள் வேண்டாம், மண்டப விளக்கு அதில் பிரதிபலிக்கும்.