புராஸ்டேட் புற்றுநோயில் யுபிக்விட்டின் நொதிகள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: யுபிக்விட்டின் என்ன செய்கிறது?

அது 76 அமினோ அமிலங்கள் கொண்ட குட்டிப் புரதம். செல்லுக்கு வேண்டாத ஒரு புரதத்தின் மேல் இதைச் சங்கிலியாக ஒட்டிவிட்டால், செல்லின் புரதம் நறுக்கும் இயந்திரமான புரோட்டியாசோம் அந்தப் புரதத்தை நறுக்கிவிடும். ஒட்டுபவை ஈ1, ஈ2, ஈ3 என்ற நொதிகள். எதில் ஒட்டுவது என்று தேர்ந்தெடுப்பது ஈ3. நம் உடலில் அதில் சுமார் 600 வகைகள் உண்டு. யுபிக்விட்டின் வழியே புரதம் அழிக்கப்படுவதைக் கண்டறிந்ததற்குத்தான் 2004இல் வேதியியல் நோபல் பரிசு.

கேள்வி: இது கெட்டால் ஆண்களின் புராஸ்டேட் சுரப்பியில் புற்று எப்படி வரும்?

ஸ்பாப் என்ற புரதத்தைப் பார்த்தால் புரியும். ஈ3 அமைப்பு ஒன்றுக்கு இரையை, அதாவது அழிக்க வேண்டிய புரதத்தை, பிடித்துக் கொடுப்பது அதன் வேலை. ஆண் ஹார்மோனைப் பிடித்துப் புராஸ்டேட் செல்லைப் பெருகத் தூண்டும் ஆண்ட்ரோஜன் ஏற்பி, அதற்குத் துணைபோகும் எஸ்ஆர்சி-3, ட்ரிம்24 எல்லாம் அதன் இரைகள். புராஸ்டேட் புற்றுநோயாளிகளில் ஏறக்குறைய பத்துப் பேரில் ஒருவரின் கட்டியில் ஸ்பாப் மரபணு மாறியிருக்கிறது. அந்த மாற்றங்கள் எங்கெங்கோ சிதறிக் கிடப்பதில்லை. இரையைக் கவ்வும் பள்ளத்தில், குறிப்பாக 133ஆம் அமினோ அமில இடத்தில் குவிந்திருக்கின்றன. அங்கே ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினாலும் பிடி நழுவுகிறது. மரபணுவின் இன்னொரு பிரதி நன்றாக இருந்தும் பயனில்லை. பழுதான ஸ்பாப் நல்ல ஸ்பாப்போடு சேர்ந்து அதையும் முடக்கிவிடுகிறது. அழிய வேண்டிய புரதங்கள் தேங்குகின்றன, செல் பெருகிக்கொண்டே போகிறது.

கேள்வி: அப்படியென்றால் இந்த நொதிகள் எல்லாம் நல்லவையா?

இல்லை. செல் பிரிவதற்குத் தடை போடும் பி27 புரதத்தை அழிவுக்கு அனுப்புவது எஸ்கேபி2 என்ற ஈ3 அமைப்பின் புரதம். அது மிகுந்தால் ஆபத்து. ஸ்பாப்பே சிறுநீரகத்தில் புற்றுக்குத் துணைபோகிறது. எந்த உறுப்பு, எந்த இரை என்று கேட்காமல் தீர்ப்பு சொல்லக் கூடாது.

கேள்வி: அப்பாவின் கட்டியில் ஸ்பாப் மாற்றமாம். எனக்கும் வருமா?

பெரும்பாலும் அது கட்டியில் மட்டுமே உருவாகும் மாற்றம், பிறப்பிலேயே வருவதல்ல. ஆனாலும் அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்று இருந்தாலே மகனுக்கு வாய்ப்பு கூடும். பரிசோதனையை எப்போது தொடங்கலாம் என்று மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள்.

கேள்வி: புராஸ்டேட்டுக்காக ரத்தத்தில் செய்யும் பிஎஸ்ஏ பரிசோதனையில் ஸ்பாப் மாற்றம் தெரியுமா?

தெரியாது. கட்டித் திசுவின் மரபணுவைப் படித்தால்தான் தெரியும்.

கேள்வி: மருந்து உண்டா?

புரோட்டியாசோமையே தடுக்கும் போர்ட்டிசோமிப் 2003இல் மயலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. புராஸ்டேட்டில் அது கைகொடுக்கவில்லை. எனக்கு நம்பிக்கை தருவது புரோட்டாக் மூலக்கூறுகள். ஒரு முனை ஆண்ட்ரோஜன் ஏற்பியைப் பிடிக்கும், மறுமுனை வேறொரு ஈ3ஐ அழைத்துவரும். ஸ்பாப் விட்ட வேலையை இன்னொரு நொதியை வைத்து முடிக்கிறார்கள். ஏஆர்வி-110 என்ற அத்தகைய மருந்து 2019இல் நோயாளிகளிடம் சோதனைக்கு வந்தது.