பல் சொத்தை தாயின் வாயிலிருந்து பிள்ளைக்குத் தொற்றுமா? முத்தம் கொடுக்கவே கூடாதா?

உங்கள் வீட்டில் யாரோ உங்களை ஏதோ சொல்லியிருக்கிறார்கள். அது மட்டும் எனக்கு நன்றாகத் தெரிகிறது. சும்மா இருக்கிற ஒருத்தி ராத்திரி பதினொரு மணிக்கு வந்து, "என் வாய்க் கிருமியால்தான் பிள்ளையின் பல் சொத்தையானதா, இனி முத்தமும் கொடுக்கக் கூடாதா" என்று எழுத மாட்டாள். மாமியாராக இருக்கும். இல்லாவிட்டால் கிளினிக்கில் யாராவது.

எனக்குச் சொன்னது கிளினிக்கில். 2011இல்.

நான் பல் டொக்டர் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலங்கை மலையகத்தில், ஹட்டனில் தையல் மெஷின் வைத்துப் பிழைக்கிறவள். அதற்கு முன் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தேன். இந்த ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்திருக்கிறேன். பட்டவள் நான், அதனால்.

மகனுக்கு ஒன்றரை வயது இருக்கும். சிரிக்கும்போது பார்த்தேன், மேல் முன்பல் நாலிலும் ஈறை ஒட்டி வெள்ளையாக ஒரு கோடு. சுண்ணாம்பு தடவியது மாதிரி. பால்மா படிந்திருக்கிறது என்று நினைத்து, துணி நுனியை நனைத்துத் துடைத்தேன். போகவில்லை. நகத்தால் சுரண்டினேன். அப்போதும் போகவில்லை. சரி, வளர்ந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். அடுத்த தீபாவளிக்குள் அந்தக் கோடு சாயத்தண்ணி, அதாவது பால் விடாத தேத்தண்ணி நிறத்துக்கு வந்து, பல் நுனி நுனியாக உதிரத் தொடங்கியது. கீழ் முன்பல்லுக்கு மட்டும் ஒன்றுமே இல்லை. அரிசி மாதிரி பளிச்சென்று இருந்தது. அது எனக்குப் பெரிய புதிராக இருந்தது.

அவனுடைய அப்பாயி, அதாவது என் மாமியார், "பல்லுப் பூச்சி" என்றார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கண்டங்கத்தரி விதையைச் சுட்டு, புகையைக் குழாய் வழியாக வாய்க்குள் விட்டுப் பூச்சி எடுத்தார்களாம். வெள்ளை வெள்ளையாக விழுந்ததாம். விழுந்தது பூச்சியே இல்லை, சூட்டில் வெடித்த விதைக்குள் இருந்த முளை என்று நான் பிற்காலத்தில் படித்தேன். அதைச் சொல்ல அப்போது அவர் உயிரோடு இல்லை. இருந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டார்.

கிளினிக்கில் இருந்த மிஸ் பூச்சிக் கதையெல்லாம் பேசவில்லை. "ரொட்டியை மென்று ஊட்டுவீங்களா? ஒரே கரண்டியா? அப்போ உங்க வாயில இருந்துதான் போயிருக்கு" என்றார். பின்னால் வரிசையில் எங்கள் தோட்டத்துப் பெண்களே எட்டுப் பேர். அந்தப் பேச்சு அன்று பொழுது சாய்வதற்குள் கொழுந்து நிறுக்கும் மடுவம் வரை வந்துவிட்டது. மாமியாருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

சரி, கேள்விக்கு வருகிறேன். அந்த மிஸ் சொன்னது பொய் இல்லை. பல்லைக் கெடுக்கும் கிருமிகளில் அதிகம் பேசப்படுவது ஸ்ட்ரெப்டோகொக்கஸ் மியூட்டன்ஸ். 1924இல் கிளார்க் என்பவர் சொத்தைப் பல்லிலிருந்து பிரித்தெடுத்துப் பெயர் வைத்தது. பெரும்பாலும் பிள்ளைக்குப் பல் முளைத்த பிறகுதான் அது வாயில் நிலையாகக் குடியேறுகிறது. தாயின் வாயில் இருக்கும் அதே வகை பிள்ளையின் வாயிலும் இருப்பதைப் பரிசோதித்துக் கண்டிருக்கிறார்கள். தாய்க்குச் சொத்தை அதிகமென்றால் போகிற கிருமியும் அதிகம். ஆனால் தகப்பன், பாட்டி, கூட விளையாடும் பிள்ளை, எல்லார் வாயிலிருந்தும் வரும். என் வாயில் மட்டுமா கிருமி வளர்த்தேன்?

மிஸ் சொல்லாமல் விட்ட பாதிதான் முக்கியம். கிருமி தானாகப் பல்லைத் தின்பதில்லை. அது தின்பது சீனியை. தின்றுவிட்டு அமிலத்தை விடுகிறது, அந்த அமிலம்தான் பல்லைக் கரைக்கிறது. சீனியிலிருந்தே பசை மாதிரி ஒன்றைச் செய்து பல்லோடு ஒட்டிக்கொள்ளவும் அதற்குத் தெரியும். 1954இல் அமெரிக்காவில் கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளுக்குச் சீனித் தீனியாகப் போட்டிருக்கிறார்கள், ஒன்றுக்கும் சொத்தை வரவில்லை. ஆகக் கிருமியும் வேண்டும், சீனியும் வேண்டும். ஒன்று இல்லாமல் மற்றது வேலை செய்யாது.

எவ்வளவு சீனி என்பதை விட எத்தனை தடவை என்பதுதான் கணக்கு. இனிப்புப் பட்ட சில நிமிடங்களில் பல்மேல் அமிலம் ஏறிவிடும். அமிலத்தை அளக்கும் pH என்ற எண், அமிலம் ஏற ஏற இறங்கும்; அது 5.5 அளவுக்குக் கீழே இறங்கினால் பல்லின் மேல்பூச்சான எனாமல் கரையும். எச்சில் அதைக் கழுவிச் சமன்படுத்த அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். அதற்குள் அடுத்த வாய் குடித்தால் திரும்பவும் முதலில் இருந்து. 1940களின் பிற்பாதியில் சுவீடனில் ஒரு மனநலக் காப்பகத்தில் இருந்தவர்களுக்கு வேண்டுமென்றே ஒட்டும் டொபி கொடுத்துப் பார்த்தார்கள். சாப்பாட்டோடு சீனி எடுத்தவர்களுக்குச் சொத்தை பெரிதாகக் கூடவில்லை. இடையிடையே டொபி தின்றவர்களுக்குப் பல் நாசம். வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர்களின் பல்லில் படித்த பாடம் அது. அதை வாசித்த அன்று எனக்குத் தையல் ஓடவில்லை.

இப்போது என் வீட்டுக்கு வாருங்கள். காலையில் நான் மலைக்குப் போய்விடுவேன். பால்மா விற்ற விலைக்கு நாளுக்கு ஒரு தடவைதான் கட்டுப்படியாகும். மீதி நேரமெல்லாம் சூப்பிப் போத்தலில் சீனி போட்ட சாயத்தண்ணி. பிள்ளை அழுதால் போத்தல், விழுந்தால் போத்தல், தூங்கப் போட்டாலும் வாயில் போத்தல். தூக்கத்தில் எச்சில் சுரப்பதும் குறைந்துவிடும், கழுவ ஆளில்லை. இனிப்புத் தண்ணி மேல் முன்பல்லில் தேங்கி நிற்கும். கீழ்ப்பல்லை நாக்கு மூடிக்கொள்ளும், எச்சில் சுரக்கும் இடமும் அதற்குப் பக்கத்தில்தான். அரிசி மாதிரி இருந்த கீழ்ப்பல்லின் புதிர் இவ்வளவுதான்.

போத்தலைக் கொடுத்தது மாமியார். காலையில் அதில் சீனியைக் கலக்கி வைத்துவிட்டுப் போனது நான். இரண்டு கரண்டி. இதை எங்கள் வீட்டில் இன்று வரை யாரிடமும் சொன்னதில்லை.

"தேயிலையில் ஃபுளோரைட் இருக்கிறதே, பல்லுக்கு நல்லதுதானே" என்று கீழே ஒருவர் வருவார் என்று தெரியும். உண்மை, தேயிலைச் செடி மண்ணிலிருந்து ஃபுளோரைட்டை எடுத்து இலையில் சேர்க்கும். நான் சாயத்தைக் குறை சொல்லவில்லை ஐயா, சீனியைச் சொல்கிறேன். இன்னொருவர், "நாங்களும் அப்படித்தான் வளர்ந்தோம், பல்லு போகவில்லையே" என்பார். உங்கள் பல் இருக்கட்டும். என் பிள்ளைக்குப் போயிற்று.

அந்தச் சுண்ணாம்புக் கோடு நிலையிலேயே காட்டியிருந்தால், ஃபுளோரைட் பூசி, போத்தலை நிறுத்திக் காப்பாற்றியிருக்கலாம். பல்லிலிருந்து கரைந்துபோன தாது உப்பு அந்தக் கட்டத்தில் திரும்ப ஏறும், ஓட்டை விழுந்த பிறகு ஏறாது. உங்கள் பிள்ளையின் மேல் உதட்டைத் தூக்கி இன்றைக்கே பாருங்கள். மூன்று வயதுக்குள் என்றால் ஃபுளோரைட் பற்பசை ஓர் அரிசி அளவு போதும், நீங்களே தேய்த்துவிடுங்கள்.

எங்களுக்குப் பேராதனைப் பல் வைத்தியசாலைக்கு அனுப்புவதாகச் சொல்லி, திகதி கடிதத்தில் வரும் என்றார்கள். கடிதம் வந்தது. எங்கே வந்தது? தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குத் தனி விலாசம் ஏது? அறுபது குடும்பத்துக்கும் தோட்டத்தின் பெயர்தான் விலாசம். எல்லாம் தோட்ட ஆபிசுக்குப் போய், அங்கே ஒரு பெட்டியில் கிடக்கும். யாருக்காவது மனம் வந்தால், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பெயரைக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். என் கையில் கிடைத்தபோது திகதி போய்ப் பதினொரு நாள். வங்கிக் கடிதம், வேலைக்கான நேர்முகக் கடிதம் என்று இப்படிப் போனவை எங்கள் லயத்தில் எத்தனை! என் தம்பிக்கு ஒரு அரசாங்க வேலையே போனது. அதைப் பற்றி யாராவது கேள்வி கேளுங்கள், நாலு பக்கம் எழுதுகிறேன்.

கடைசியில் டவுன் ஆஸ்பத்திரியில் நாலையும் பிடுங்கினார்கள். நிரந்தரப் பல் ஏழு வயதில்தான் வந்தது. அதுவரை அவனுக்கு "ச" வராது, எல்லாம் "த". சீனி டின்னைக் காட்டி, "அப்பாயி, தீனி போடு" என்பான். மாமியார் என்னைப் பார்க்காமல் டின்னை மேல் தட்டில் தள்ளி வைப்பார். நானும் அவரைப் பார்க்க மாட்டேன்.

முத்தத்தை நான் ஒரு நாளும் நிறுத்தவில்லை.