புகைக்கு எதிரா பைக் பேரணி, போகலாமா?

கேள்வி: எங்க ஆபீஸ்ல காற்று மாசு விழிப்புணர்வுன்னு ஒரு பைக் பேரணி வெக்கறாங்க, எல்லாரும் கட்டாயம் வரணுமாம். 'காற்றைக் காப்போம்'னு அட்டை பிடிச்சா காத்து சுத்தமாகிடுமா? மலை மாதிரி புகை விடற ஃபேக்டரியை எல்லாம் விட்டுட்டு, சிக்னல்ல வண்டியை ஆஃப் பண்ணு, குப்பையை எரிக்காதேன்னு எங்களையே புடிச்சுத் தொங்கறது நியாயமா?

பதில்: பைக் பேரணியா? பிரமாதம். மதுவிலக்கு மாநாட்டுக்கு பார்ல ஹால் புக் பண்ண மாதிரி இருக்கு.

உங்க கோபத்துல பாதி சரிங்க, அதை முதல்லயே ஒத்துக்கறேன். பெட்ரோல்ல ஈயம் கலந்து வித்தாங்களே, அது அட்டை பிடிச்சு நிக்கலை, ஒவ்வொரு நாடா சட்டம் போட்டு, கடைசி நாடா அல்ஜீரியா 2021ல நிறுத்தினப்பதான் வண்டிங்களுக்கு ஈய பெட்ரோல் விக்கறது உலகத்துல முடிஞ்சுது. அங்க போய் ஜனங்களோட பழக்கவழக்கத்தைப் பேசிட்டு இருந்தா இன்னும் பேசிட்டேதான் இருந்திருப்போம்.

மீதி பாதிதான் இடிக்குது. ஃபேக்டரின்னா குற்றவாளி, வீடுன்னா அப்பாவின்னு ஒரு கோடு போடறீங்க பாருங்க, அது அவ்வளவு நேரா போற கோடு இல்லை. 1952 டிசம்பர்ல லண்டனை அஞ்சு நாள் புகைமூட்டம் அமுக்கிடுச்சு, ஆயிரக்கணக்குல செத்தாங்க. அந்தப் புகைல ஒரு பெரிய பங்கு வீட்டுக்கு வீடு குளிருக்கு எரிச்ச நிலக்கரி. அதனால 1956ல வந்த சட்டம் ஃபேக்டரியோட நிக்காம வீட்டு அடுப்புலயும் கை வெச்சுது, ஆனா சும்மா உபதேசம் பண்ணிட்டுப் போகலை, அடுப்பை மாத்தற செலவுல பெரும்பகுதியை மானியமா குடுத்துது. பழக்கத்தை மாத்தச் சொல்றவங்க மாத்தறதுக்கு வழியும் காட்டணும்ங்கறது இதுதான், பஸ் வராத ரூட்ல 'பஸ்ல போங்க'ன்னு போஸ்டர் ஒட்டறவங்களை என்ன சொல்றது.

இன்னொண்ணு, புகையை டன் கணக்குல மட்டும் எடை போடாதீங்க. உயரமான சிம்னிலேர்ந்து வர்ற புகை (அதுவும் தப்புதான், ரொம்ப தூரம் போகும்) கொஞ்சமாவது கலைஞ்சு நீர்த்துப்போய் கீழ வருது, உங்க சைலன்சர் விடறது நேரா பின்னாடி நிக்கறவன் மூக்குக்குப் போகுது. ஸ்கூல் வாசல்ல பையனை கூட்டிட்டு வர்றேன்னு பத்து நிமிஷம் இன்ஜினை ஓட விட்டுட்டு ஃபோன் பார்க்கறவங்களை கவனிச்சிருக்கீங்களா, அந்தக் குழாய்க்கு நம்ம முகத்தை விட குழந்தைங்க முகம்தான் கிட்ட இருக்கு. எந்த ஃபேக்டரி முதலாளியும் வந்து அந்தச் சாவியைத் திருப்பி ஆஃப் பண்ணமாட்டான்.

அப்புறம் இந்த தெருமுனை வரைக்கும் வண்டி. புகையைச் சுத்தம் பண்றதுக்குன்னே வண்டில கேட்டலிடிக் கன்வர்ட்டர்னு ஒண்ணு இருக்கு, அது 250, 300 டிகிரி சூடானாதான் ஒழுங்கா வேலை செய்யும். ஒரு கிலோமீட்டர்ல இருக்கற கடைக்குப் போனா அது சூடாகறதுக்குள்ளயே நல்ல தூரம் போயிடுவீங்க, அதாவது அதுவரைக்கும் சுத்தம் பண்ணாத புகைதான் விட்டுட்டுப் போறீங்க. கணக்கு போட்டா ஒரு கிலோமீட்டருக்கு அதிக விஷம் இந்தக் குட்டிப் பயணத்துலதான். நடந்து போக முடிஞ்ச தூரத்துக்குத்தான் வண்டி அதிகமா புகைக்குதுங்கறதை எந்த அட்டைலயாவது எழுதி நான் பார்த்ததே இல்லை.

வீட்டுக்குள்ளயும் வாங்க. மூடின ரூம்ல ஒரு கொசுவத்தி முழுசா எரிஞ்சா வர்ற நுண்துகள், 75லேர்ந்து 137 சிகரெட் எரிஞ்சதுக்கு சமம்னு 2003லயே அளந்து சொல்லிட்டாங்க. சிகரெட் புடிக்கறவனை வெளிய போகச் சொல்ற நாமதான் கதவை சாத்திக்கிட்டு இதைக் கொளுத்தறோம். கொசுவலை கட்டுங்க. உலக சுகாதார நிறுவனம் பிஎம் 2.5ங்கற இந்த மாதிரி நுண்துகளுக்கு வருஷ சராசரி ஒரு கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம்னு வெச்சிருந்த வரம்பை 2021ல 5ஆ குறைச்சிடுச்சு, அந்தத் துகள் முடியோட தடிமன்ல முப்பதுல ஒரு பங்குதான், நேரா நுரையீரல் அடி வரைக்கும் போய் ரத்தத்துலயும் கலக்கும். பிளாஸ்டிக் குப்பையை எரிக்கறது பத்தி தனியா சொல்லணுமா என்ன, பைப் செய்யற பிவிசி பிளாஸ்டிக் எரிஞ்சா டையாக்சின்ங்கற விஷம் வரும்.

பேரணி முடிஞ்சதும் ஆளுக்கொரு தொட்டிச்செடி குடுப்பாங்க பாருங்க, 'ரூம்ல வெச்சா காத்து சுத்தமாகும்'னு. வாங்கிக்கோங்க, பார்க்க அழகா இருக்கும். கட்டடத்துல சாதாரணமா இருக்கற காத்தோட்டமே குடுக்கற பலன் செடிங்ககிட்டேர்ந்து வேணும்னா ஒரு சதுர மீட்டர் தரைக்கு குறைஞ்சது 10 செடி, மேல போனா 1000 வரைக்கும் வேணும்னு 2019ல ஒரு ஆய்வுல கணக்கு போட்டாங்க. அப்புறம் நீங்க எங்க படுப்பீங்க?

அதனால பேரணிக்கு போங்க, வேண்டாங்கலை. நடந்து போலாமேன்னு மீட்டிங்ல கேட்டுப் பாருங்க, ஒத்துக்க மாட்டாங்க. சரி பைக்தான்னு ஆனா, தலைவர் கொடி அசைக்க லேட்டா வர்ற வரைக்கும் இருநூறு வண்டியும் ஸ்டார்ட்லயே நிக்கும், அப்ப மைக்கை வாங்கி 'எல்லாரும் ஆஃப் பண்ணுங்க'ன்னு சொல்லிட்டு வந்துடுங்க.