‘ஷார்ப்’ என்றால் கூர்மை மட்டும்தானா?

‘ஷார்ப்’ என்றால் கூர்மை என்றுதான் படித்தோம். ‘ஆள் ஷார்ப்’, ‘பத்து மணி ஷார்ப்’ என்கிறார்களே, அது எப்படி என்பது கேள்வி.

நேர்ப் பொருள் கத்தியிடம் இருக்கிறது. காகிதத்தின் ஓரத்தில் வைத்து மெல்ல இழுங்கள். கசங்காமல் சர்ரென்று இரண்டாகப் பிரிந்தால் அது ஷார்ப். மழுங்கிய கத்தி காகிதத்தைக் கிழிக்கும், வெட்டாது. மற்ற பொருள்களெல்லாம் இந்தச் சுத்தமான வெட்டிலிருந்துதான் கிளைக்கின்றன. புத்தி ஷார்ப் என்றால் விஷயத்துக்குள் சட்டென்று இறங்கும் மூளை. நாமும் கூர்மதி, கூர்ந்து கவனி என்கிறோமே, அதேதான். பழைய ஆங்கிலத்திலேயே இந்தச் சொல் அறிவையும் குறித்திருக்கிறது.

பத்து மணி ஷார்ப் என்றால் முன்பின் இல்லாமல் சரியாகப் பத்து. ஷார்ப்பான வளைவு, திடீரென்று திரும்புவது. வலி ஷார்ப் என்றால் சுருக்கென்று குத்துவது.

கவனம் வேண்டிய இடம் ஒன்று உண்டு. நாக்கு ஷார்ப் என்பது பாராட்டு அல்ல. தமிழில் அது சுடுசொல். நமக்குச் சொல் சுடுகிறது, ஆங்கிலத்தில் வெட்டுகிறது. எனக்கு மிகவும் பிடித்த வேறுபாடு இது. ‘ஷார்ப் பிராக்டிஸ்’ என்றால் நேர்மையில்லாத தந்திரம்.

அப்புறம், கத்தியைப் பொறுத்தவரை ஷார்ப்புக்கு எதிர்ச்சொல் ‘பிளண்ட்’, அதாவது மழுங்கியது. ஆனால் ஒருவரை பிளண்ட் என்றால் மந்தபுத்தி என்று அர்த்தமில்லை. மனத்தில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைப்பவர்.