மக்காச்சோளத்துக்கு யூரியா எப்ப போடணும்? உங்க கேள்விகளுக்கு பதில்

ஐப்பசி பொறந்தாலே இந்தப் பக்கம் எல்லாரும் யூரியாவப் பத்தித்தான் கேக்காங்க, மொத்தமா சேத்து சொல்லிருதேன்.

குருவிகுளம் பக்கம் மானாவாரி கரிசல். விதைச்சு 25 நாள் ஆச்சு, மழையக் காணோம். மேலுரம் (பயிரு வளந்த பெறவு போடுத யூரியா) போடலாமா?

பொறுங்க அண்ணாச்சி. 25 நாள்ங்கது இறவைக்கு, அதாவது தண்ணி பாச்சுத பயிருக்குச் சொன்ன கணக்கு. காஞ்ச மண்ணுல வீசுன யூரியா சும்மா கெடந்தாக்கூட பரவால்ல, ராத்திரிப் பனியோ சின்னத் தூத்தலோ விழுந்து மேல்மண்ணு மட்டும் நனைஞ்சா அதான் வினை, கரைஞ்சு அமோனியாவா காத்துல போயிரும், கரிசல்ல காரத்தன்மை வேற இருக்கதால இன்னும் வேகமாப் போவும். 10, 15 மில்லிமீட்டர் மழை ஒரே மூச்சுல பெஞ்சா உள்ள எறங்கிரும். அதனால மழைக்கு முந்துன நாள் போடுங்க, இல்லன்னா பெஞ்ச ஈரத்துல செடிக்கு நாலு விரக்கடை தள்ளி கீறிப் போட்டு மண்ண மூடிருங்க. விதைக்கையிலயே அடியுரம் போட்டிருந்தா 30, 35 நாள் ஆனாலும் பயமில்ல, பயிரு ஆறு எலை, எட்டு எலை விட்ட பெறவுதான் தழைச்சத்த (நைட்ரஜன), அதாவது யூரியால உள்ள சத்த, நல்லா இழுக்க ஆரம்பிக்கும்.

மானூர். கெணத்துப் பாசனம், ஒட்டு ரகம். ஏக்கருக்கு எத்தன மூட்டை?

வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை ஹெக்டேருக்கு 250 கிலோ தழைச்சத்து, ஏக்கருக்கு 100. கால் பங்கு அடியுரம், அரைப் பங்கு 25ஆம் நாள், மிச்சம் 45ஆம் நாள். அடியுரமாப் போடுத ஒரு மூட்டை டிஏபி உரத்துலயே 9 கிலோ தழைச்சத்து வந்துரும், அத அடியுரக் கணக்குல கழிச்சிக்கிடுங்க, பல பேரு கழிக்கதே இல்ல. 25ஆம் நாளுக்கு 45 கிலோ யூரியா மூட்டைல ரெண்டரைக்குக் கொஞ்சம் கொறைய, 45ஆம் நாளுக்கு ஒண்ணே கால். மண் பரிசோதனைச் சீட்டு இருந்தா அதுல உள்ளபடி போடுங்க.

ஆலங்குளம். நாலு நாளா தண்ணி நின்னு செடி மஞ்சளாப் போச்சு.

மொதல்ல வாய்க்கா வெட்டி தண்ணிய வடிங்க. நிக்க தண்ணிக்குள்ள யூரியாவ வீசாதீங்க, வேரு மூச்சு விட முடியாம கெடக்கு, போட்டதும் வீணாத்தான் போவும். வடிஞ்ச பெறவு 10 லிட்டர் தண்ணிக்கு 200 கிராம் யூரியா கலந்து சாயங்காலம் தெளிங்க, கால் வைக்கப் பதம் வந்ததும் மேலுரம். ஆனா எலையப் பாருங்க தம்பி: அடி எலை நுனில இருந்து நடு நரம்போட மஞ்சள் ஓடுனா தழைச்சத்துக் கொறை, ஓரம் கருகுனா பொட்டாஷ், குருத்தெலைல வெள்ளப் பட்டை விழுந்தா ஜிங்க். ஜிங்க் கொறைக்கு யூரியாவக் கொட்டி என்ன பிரயோசனம்?

ஆண்பூ வந்துட்டு, இன்னொரு தரம் போடலாமா?

முன்னாடி போட வேண்டியத எல்லாம் போட்டாச்சுன்னா வேண்டாம், துட்டு மிச்சம். செடி வெளுத்துக் கெடந்து, பாச்ச தண்ணியும் இருந்தா கொஞ்சமாப் போடலாம்.

யூரியா போட்ட மறுநாளே குருத்து கருகிட்டு. படைப்புழுவா?

புழுன்னா ஓட்டையும் மரத்தூள் மாதிரி எச்சமும் குருத்துக்குள்ள இருக்கும். அது இல்லன்னா குருத்துல விழுந்த யூரியா பொசுக்கியிருக்கு. காலைல பனியோட வீசியிருப்பாங்க, அடுத்த தரம் எலை காஞ்ச பெறவு தூர்ல போடச் சொல்லுங்கக்கா.