ஆறு நாளில் குஜராத் முழுக்கவா?

கே: டிசம்பரில் ஆறு நாள் குஜராத் போகிறோம். அகமதாபாத், கட்ச் வெள்ளைப் பாலை, கிர் சிங்கம், சோமநாதர் எல்லாம் முடியுமா? மாமியாரும் வருகிறார். (வாசகி, தென்காசி)

ப: முடியும். ஆனால் மாமியார் அப்புறம் உங்களோடு பேச மாட்டார்! கட்ச்சின் முக்கிய ஊரான புஜ்ஜிலிருந்து கிர் போக ஒரு பகல் முழுக்க காரிலேயே கழியும். கோயில்தான் முக்கியமென்றால் கிர், சோமநாதர் பக்கம் போங்கள். சஃபாரி அனுமதியை வனத்துறை இணையதளத்தில் இப்போதே எடுத்துவிடுங்கள். என் ஓட்டு கட்ச்சுக்குத்தான். பௌர்ணமியை ஒட்டிப் போனால், காலடியில் உப்பு நொறுநொறுக்க, கண்ணுக்கெட்டியவரை நிலவில் வெள்ளை! பகலில் கூலிங்கிளாஸ் இல்லாமல் நிற்க முடியாது. அகமதாபாத்துக்கு ஒரு ராத்திரி போதும். பகலில் நகைக் கடைவீதியாக இருக்கும் மாணேக் சௌக், இரவில் சாப்பாட்டுக் கடைகளாகிவிடும். அங்கே பல கடைகளில் சாம்பாரே இனிக்கும். ஊறுகாய் பாட்டிலை மறக்காதீர்கள்.